இணையக் கடைக்குப் பணம் எப்படி வருகிறது?

வெளியூரிலிருந்து அஞ்சலில் புத்தகம் வரவழைத்துப் படித்த தலைமுறைக்கு வி.பி.பி. என்ற சொல் நன்கு பழக்கமானது. கடைக்காரர் பார்சலை அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். தபால்காரர் அதை வீட்டு வாயிலுக்குக் கொண்டு வருவார். பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்காரரிடம் திரும்பிப் போகும். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் இருவருமே அஞ்சல் துறையை நம்பினார்கள், வாணிகம் நடந்தது.

இன்றைய இணையக் கடையில் வரிசை மாறிவிட்டது. பெரும்பாலும் பணம் முதலில் போகிறது, பொருள் பிறகு வருகிறது. அப்படியானால் நடுவில் நின்று தபால்காரர் செய்த வேலையைச் செய்வது யார்? அந்த வேலைக்கென்றே நிறுவனங்கள் உள்ளன. ரிசர்வ் வங்கி அவற்றைப் 'பேமெண்ட் அக்ரிகேட்டர்' என்று அழைக்கிறது. பல வங்கிகளிலிருந்து பணத்தைத் திரட்டிக் கடைக்காரருக்குச் சேர்ப்பவர் என்பது பொருள். நாம் 'பணச்சேவை நிறுவனம்' என்று சொல்லிக் கொள்வோம். புதிதாகக் கடை வைப்பவர் இவற்றுள் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கடைகள்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலைக்கு அருகில் அரும்பாவூர் என்ற ஊர் இருக்கிறது. இவ்வூர்ச் சிற்பிகள் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்குகிறார்கள். ஒரே கட்டையில் முழு உருவத்தையும் வடிப்பது இவர்களது தனித்திறன். 2020-ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து மாவட்டமான அரியலூரில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை ஆகிய பகுதிகள் முந்திரிக்குப் பெயர் பெற்றவை.

அரும்பாவூரில் ஒருவர் சிற்பத்துக்கும், ஜெயங்கொண்டத்தில் ஒருவர் முந்திரிக்கும் இணையக் கடை தொடங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கடைகளும் இனி வரும் விலைகளும் கட்டண விகிதங்களும் கணக்குக்காக நாம் கற்பித்தவை. முந்திரி கிலோ 900 ரூபாய். சிற்பம் ஒன்று 40,000 ரூபாய்.

பணத்துக்கு முன்னே செய்தி

வாங்குபவர் அட்டை எண்ணைப் பதிந்து பொத்தானை அழுத்துகிறார். அந்தச் செய்தி பணச்சேவை நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து கடைக்காரர் தரப்பு வங்கிக்கும், பிறகு ரூபே, விசா போன்ற வலையமைப்புக்கும், கடைசியாக அட்டையை வழங்கிய வங்கிக்கும் செல்கிறது. அட்டை வழங்கிய வங்கி, 'இவர் உண்மையில் எங்கள் வாடிக்கையாளர்தானா?' என்று அறிய ஓ.டி.பி. கேட்கிறது. இணையத்தில் அட்டையைப் பயன்படுத்தும்போது இப்படி இரண்டாவது சான்று கேட்பதை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. சான்று சரியானால் 'ஆம்' என்ற விடை வந்த வழியே திரும்புகிறது. இத்தனையும் சில வினாடிகளில் முடிந்துவிடும்.

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. இதில் அட்டை கிடையாது. தேசிய பணம் செலுத்துகைக் கழகத்தின் கணிப்பொறிகள் இரண்டு வங்கிகளையும் நேரே இணைக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வினாடிகளில் கடைக்கு வருவது 'பணம் கிடைக்கும்' என்ற செய்தி மட்டுமே. பணச்சேவை நிறுவனத்தின் வழியாகப் பெற்றால், பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரப் பொதுவாக இரண்டு மூன்று வேலை நாட்கள் பிடிக்கும். செய்தி ஒரு பாதை, பணம் வேறொரு பாதை. இணைய வாணிகத்தில் தோன்றும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சந்தில்தான் பிறக்கின்றன.

கட்டணக் கணக்கு

புதிதாகக் கடை வைப்பவர் முதலில் கேட்பது, 'எத்தனை விழுக்காடு எடுக்கிறார்கள்?' என்பதே. 2 விழுக்காடு என்று கொள்வோம். ஒரு கிலோ முந்திரிக்கு 18 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 21 ரூபாய் 24 காசு. விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் கிலோவுக்கு இலாபமே 90 ரூபாய் என்றால்? இலாபத்தில் ஏறத்தாழக் கால்பங்கு போய்விட்டது! சிற்பத்துக்கு இதே கணக்கில் 944 ரூபாய் ஆகிறது. தொகை பெரிதானாலும், பல வாரக் கைவேலையின் கூலி அடங்கிய விலையில் அதற்கு இடம் உண்டு.

விழுக்காட்டுடன், ஒவ்வொரு முறைக்கும் 3 ரூபாய் என்று நிலையான கட்டணம் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். 60 ரூபாய் முந்திரிப் பொட்டலத்துக்கு 1.20 உடன் 3 சேர்ந்து 4.20 ரூபாய். அதாவது 7 விழுக்காடு! சில்லறைப் பொட்டலம் விற்பவர் இத்தகைய கட்டணத்தின் பக்கமே போகக் கூடாது. ஆண்டுச் சந்தாவையும் இப்படியே எடை போடலாம். சந்தா 1,200 ரூபாய், விழுக்காடு ஒன்றரை. மற்றொன்றில் சந்தா இல்லை, விழுக்காடு இரண்டு. ஆண்டு விற்பனை 2,40,000 ரூபாயைத் தாண்டினால் சந்தா உள்ளது மலிவு, தாண்டாவிட்டால் மற்றது.

யு.பி.ஐ., ரூபே பற்று அட்டை ஆகியவற்றுக்கு வங்கிகள் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கலாகாது என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் பணச்சேவை நிறுவனங்களில் சில, தம் மென்பொருளுக்கான கட்டணம் என்ற பெயரில் யு.பி.ஐ.-க்கும் தொகை வாங்குகின்றன. 'யு.பி.ஐ. இலவசம்' என்று கேள்விப்பட்டுச் சேர்ந்துவிட்டு, மாதக் கடைசியில் விழிப்பதைவிட ஒப்பந்தத்தின் அந்த வரியை முதலிலேயே தேடிப் படிப்பது நல்லது. பொருள் திரும்பி வந்து பணத்தைத் திருப்பித் தரும்போது, முதலில் எடுத்த கட்டணம் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதையும் அங்கேயே காணலாம்.

தாமதத்துக்கு விலை உண்டா?

பணம் மூன்று நாள் தாமதித்து வருவதால் எவ்வளவு நட்டம்? முந்திரிக் கடையில் நாளொன்றுக்கு 20,000 ரூபாய் விற்பனை என்றால், எந்த நேரத்திலும் 60,000 ரூபாய் நடுவழியில் இருக்கும். கொட்டை வாங்க ரொக்கம் வேண்டும். ஆகவே அந்த 60,000-ஐ இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியே வாங்குகிறார் கடைக்காரர். மாத வட்டி 1,200 ரூபாய். மாத விற்பனையோ 6 இலட்சம். வகுத்துப் பார்த்தால் தாமதத்தின் விலை வெறும் 0.2 விழுக்காடு!

உடனடியாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தக் கட்டணம் 0.2 விழுக்காட்டுக்கு மேல் போனால், வட்டிக்கு வாங்கியாவது மூன்று நாள் காத்திருப்பதே மேல்.

ஆனால் இக்கணக்கு, தாமதம் மூன்று நாள் என்று முன்பே தெரிந்தால்தான் பொருந்தும். தீபாவளி நெருங்கும்போது விற்பனை திடீரென்று பத்து மடங்காகிறது. ஐயம் கொண்ட நிறுவனம், 'ஆவணங்களைச் சரிபார்க்கும் வரை பணத்தை நிறுத்தி வைக்கிறோம்' என்கிறது. ஒரு நாள் விற்பனை 2 இலட்சம் என்றால், இரண்டு வாரத்தில் 28 இலட்சம் நின்றுவிடும். முந்திரியோ அனுப்பியாகிவிட்டது. விகிதத்தில் கால் விழுக்காடு மிச்சம் பிடித்தவர் இந்த இடத்தில் கடையையே இழக்கக்கூடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எந்தச் சூழ்நிலையில் பணத்தை நிறுத்துவீர்கள்? அப்போது தொலைபேசியில் பேச ஒரு மனிதர் கிடைப்பாரா?

செய்தியின் முத்திரை

செய்தியும் பணமும் வேறு வேறு என்றோம். பணம் வராமலே 'வந்துவிட்டது' என்று ஒருவன் போலிச் செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? இதைத் தடுக்கும் முறை அழகானது. சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடைக்கும் பணச்சேவை நிறுவனத்துக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசிய எண் உண்டு. அது 29 என்று கொள்வோம். ஆர்டர் எண் 147, தொகை 850 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 997. அதை 29-ஆல் பெருக்கினால் 28,913. இதை 97-ஆல் வகுத்தால் மீதி 7. நிறுவனம், 'ஆர்டர் 147, ரூபாய் 850, முத்திரை 7' என்று செய்தி அனுப்பும். கடையின் கணிப்பொறியும் அதே கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும். 7 வந்தால் செய்தி உண்மை. 85 ரூபாய் மட்டும் செலுத்திய ஒருவன் செய்தியில் அதை 850 ஆகத் திருத்தினான் என்க. 85 ரூபாய்க்குரிய முத்திரை 35. திருத்திய தொகைக்கு 7 வேண்டும். இரகசிய எண் தெரியாத அவனால் அதைக் கணக்கிட முடியாது.

கூர்ந்து படித்தவர்கள் இதிலுள்ள ஓட்டையைக் கண்டிருப்பீர்கள். ஆர்டர் 148, தொகை 849 என்றாலும் இதே 7 தான் வரும்! தவிர, மீதி 97 வகையில்தான் அமையும் என்பதால் குருட்டாம்போக்கில் முயன்றே கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் பயன்படும் கணக்கில் இந்தக் குறைகள் இல்லை. எஸ்.ஹெச்.ஏ.-256 எனப்படும் முறை 256 இரும இலக்கங்கள் கொண்ட முத்திரையைத் தருகிறது. செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முற்றிலும் வேறாகிவிடும்.

இந்தச் செய்தி, வாங்குபவரின் கைப்பேசி வழியாக வராமல் நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து கடையின் கணிப்பொறிக்கு நேராக வரவும் வழி உண்டு. அதற்கு 'வெப்ஹூக்' என்று பெயர். பேருந்தில் வரும் ஒருவர் பணம் செலுத்திய மறு வினாடி அவர் கைப்பேசியில் சிக்னல் போய்விட்டாலும் கடைக்குத் தகவல் வந்து சேரும். முத்திரையைச் சரிபார்க்காமல், திரையில் 'வெற்றி' என்று தோன்றியதையோ, வாங்குபவர் அனுப்பிய படத்தையோ நம்பிப் பொருளை அனுப்புபவர் பூட்டில்லாத கடை வைத்திருக்கிறார்.

அட்டை எண்ணைக் கடையின் பக்கத்தில் வாங்காமல், நிறுவனத்தின் பக்கத்திலேயே வாங்கச் செய்வதும் பாதுகாப்பு. தன்னிடம் இல்லாததை யாரும் திருட முடியாது அல்லவா? 2022 அக்டோபர் முதல் கடைகள் அட்டை எண்களைச் சேமித்து வைப்பதே கூடாது. மாற்றாக 'டோக்கன்' என்னும் பதிலி எண்ணை மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

நடுவழியில் நின்ற பணம்

வாங்குபவரின் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. கடைக்குச் செய்தி வரவில்லை. இதற்கும் விதி உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட ஆணைப்படி, பணம் கழிந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாங்குபவருக்கு ஈடு தரவேண்டும். இவ்விதியைக் கடைக்காரர் அறிந்திருந்தால், பதறிக் கூப்பிடும் வாடிக்கையாளருக்குத் தெளிவாக விடை சொல்ல முடியும்.

அரும்பாவூர்ச் சிற்பிக்கு வேறொரு தொல்லை வரலாம். சிற்பத்தைப் பெற்றவர், 'எனக்கு வரவே இல்லை' என்று தம் அட்டை வங்கியிடம் முறையிடுகிறார். வங்கி தொகையைப் பிடித்து வைத்துக் கொண்டு கடையிடம் சான்று கேட்கும். பார்சல் இரசீது, பெற்றவர் கையொப்பம், கட்டும்போது எடுத்த படம் ஆகியவற்றைக் குறித்த நாளுக்குள் அனுப்பாவிட்டால் 40,000 ரூபாயும் போகும், சிற்பமும் போகும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கோயிலுக்குச் சிலை கேட்பவர் இருந்தால், வெளிநாட்டு அட்டையை ஏற்கும் நிறுவனம் தேவை. இதற்குக் கட்டணம் கூடுதல். 2023 அக்டோபர் 31-இல் ரிசர்வ் வங்கி இவ்வகைச் சேவைக்குத் தனி விதிகளை வகுத்து, ஒரு பொருளின் விலைக்கு 25 இலட்சம் ரூபாய் என உச்சவரம்பு வைத்தது.

நிறுவனத்தை நம்பலாமா?

2020 மார்ச்சு 17-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், அனுமதி கேட்கும் நிறுவனத்துக்கு 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும் என்றன. கடைகளுக்குச் சேரவேண்டிய பணத்தை வங்கியொன்றில் 'எஸ்க்ரோ' என்ற தனிக் கணக்கில் வைக்கவும் பணித்தன. தன் வாடகைக்கோ சம்பளத்துக்கோ நிறுவனம் அதைத் தொட முடியாது. அனுமதி பெற்றவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. பெரிய பெயர் என்பதற்காக இதைப் பார்க்காமல் விடுவது சரியன்று. 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃபிரீ ஆகிய பெரிய நிறுவனங்களே புதிய கடைகளைச் சேர்க்கலாகாது என நிறுத்தி வைக்கப்பட்டன. ஓராண்டு கழித்து இறுதி அனுமதி பெற்ற பிறகுதான் மீண்டும் சேர்க்கத் தொடங்கின.

இத்தனையும் படித்துவிட்டு, 'எனக்கு நாளுக்கு ஐந்து ஆர்டர்தான்' என்று முந்திரிக் கடைக்காரர் சொன்னால், அவருக்கு இப்போதைக்கு வங்கி தரும் யு.பி.ஐ. குறியீட்டு அட்டையே போதும் என்பது என் எண்ணம். கட்டணம் இல்லை, பணமும் நேரே கணக்குக்கு வருகிறது. ஆனால் எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு என்று கையால் பொருத்த வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் படத்தைப் பாராமல் தம் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆர்டர்கள் பெருகி அந்த வேலை மாலைப் பொழுதை விழுங்கத் தொடங்கும்போது பணச்சேவை நிறுவனத்தைத் தேடலாம்.

அப்போது இரண்டு மூன்று நிறுவனங்களில் கணக்குத் தொடங்கி ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பொருளை வையுங்கள். நண்பர் ஒருவரை வாங்கச் சொல்லுங்கள். பணம் செலுத்தியவுடன் அவருடைய கைப்பேசியை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஆர்டர் பதிவானதா என்று பாருங்கள். பிறகு பணத்தைத் திருப்பி அனுப்பி, எத்தனை நாளில் அவர் கணக்குக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு கழிந்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். இடையில் ஒரு முறை, சனிக்கிழமை மாலையாகப் பார்த்து, உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிப் பாருங்கள்.