விஸ்கிக்கு டாக்டர் சீட்டு! 10 நாளைக்கு அரை லிட்டர்தான்!

'மருந்துக்குக்கூட இல்லை' என்று சொல்வோமே, அமெரிக்காவில் விஸ்கி கதை அதற்கு நேர்மாறு. 1920 ஜனவரியில் நாடு பூராவும் மதுவிலக்கு வந்தது. மதுக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. மருந்துக்கு மட்டும் விஸ்கி உண்டு!

நிமோனியா, இதய பலவீனம் என்றால் விஸ்கி, பிராந்தி கொடுப்பது அந்தக் கால டாக்டர்கள் பலரின் வழக்கம். சட்டமும் அதற்கு வழி விட்டது. ஆனால் சும்மா விடவில்லை.

கெடுபிடி

டாக்டர் முதலில் சர்க்கார் பெர்மிட் வாங்க வேண்டும். நோயாளியைச் சோதித்து, சர்க்கார் கொடுக்கும் பாரத்தில்தான் சீட்டு எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு 10 நாளில் ஒரு 'பைண்ட்', அதாவது சுமார் அரை லிட்டர்தான். சரக்கைக் கொடுத்ததும் மருந்துக் கடைக்காரர் சீட்டில் 'ரத்து' என்று எழுதிவிடுவார். அதையே மறுபடி நீட்டி ஏமாற்ற முடியாது!

1921-ல் பிடி இன்னும் இறுகியது. மருந்து என்று பீர் எழுதவே கூடாது. விசேஷ அவசரம் தவிர, ஒரு டாக்டர் 90 நாளில் 100 சீட்டுக்கு மேல் எழுதக் கூடாது.

கோர்ட்டில் டாக்டர்

நியூயார்க்கின் பிரபல டாக்டர் சாமுவேல் லாம்பர்ட் கொதித்துப் போனார். 'என் நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று நான் சொல்வதா, சட்டம் சொல்வதா?' இதுதான் வழக்கு.

1926-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகள் சர்க்கார் பக்கம். 4 பேர் டாக்டர் பக்கம். ஒரே ஓட்டில் தோற்றார் லாம்பர்ட்!

மது மருந்தே அல்ல என்று 1917-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாதபோது, அளவு கட்டச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு என்றார்கள் 5 பேர். வைத்தியத் தொழிலில் மத்திய சர்க்கார் தலையிடக் கூடாது என்றார்கள் மற்ற 4 பேர்.

சர்ச்சிலுக்கு வந்த சீட்டு

1931 டிசம்பரில் நியூயார்க் வந்த வின்ஸ்டன் சர்ச்சில் கார் மோதி அடிபட்டார். குணமாகும்வரை மது தேவை, முக்கியமாகச் சாப்பாட்டு வேளையில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அளவு? குறைந்தது 250 மில்லி. மேலே எவ்வளவு என்று வரையறையே இல்லை! பெரிய இடத்து நோயாளி அல்லவா!

1933 டிசம்பரில் மதுவிலக்கே போயிற்று. விஸ்கிக்குச் சீட்டும் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் டாக்டரின் பேனாவுக்குச் சட்டம் கடிவாளம் போடலாம் என்று லாம்பர்ட் வழக்கில் சொன்ன தீர்ப்பு மட்டும் நின்றுவிட்டது.