நாடி பார்க்கும் யந்திரமும் நமது கடமையும்

ரத்த அழுத்த வியாதி திருடனைப்போல் ஓசையின்றி வருவது. வலியில்லை, காய்ச்சலில்லை, பாரிசவாயுவோ மாரடைப்போ நேர்ந்த பின்னரே பலர் தமக்கு அது இருந்ததை அறிகின்றனர். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் 128 கோடிப் பேரை இது பற்றியிருப்பதாகவும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதை அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கணக்கிட்டது. ஆகவே, அளந்து பார்ப்பதே சிகிச்சையின் முதற்படியாகும்.

இவ்வளவை ஒரு காலத்தில் உயிர்வதையாக இருந்தது. குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகியபோது ரத்தம் 8 அடிக்கு மேல் எழும்பிய செய்தியை ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-ல் வெளியிட்டார். 1896-ல் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி புஜத்தில் சுற்றும் காற்றுப்பட்டையை அளித்தார். 1905-ல் ருஷ்ய வைத்தியர் கொரட்காவ் பட்டைக்குக் கீழே எழும் ஓசையைக் கேட்டு அளக்கும் வழியைக் காட்டினார். இருதயத்தின் மின்னோட்டத்தைத் தோலின் மேலிருந்தே வரைந்து காட்டிய ஹாலந்து அறிஞர் ஐந்தோவன் 1924-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று கைக்கடியாரமே நாடி பார்க்கிறது. அதன் அடியிலுள்ள சிறு விளக்கு தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருகி ஒளியை அதிகமாக விழுங்குவதால், திரும்பி வரும் ஒளி குறைகிறது. அவ்வேற்றத்தாழ்வே நாடிக் கணக்கு. 2017-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆராய்ச்சியொன்றில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தகைய கடியாரம் அணிந்தனர். துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாக எச்சரிக்கை பெற்றோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அவர்களுள் மார்பில் ஒட்டும் கருவியால் பின்னர் சோதித்துக் கொண்டவர்களில் நூற்றுக்கு 34 பேரிடம் வியாதி காணப்பட்டது. அது விட்டு விட்டு வருவதாதலின், எஞ்சியோர் யாவரும் நோயற்றவரென்று கொள்வதற்கில்லை.

ஆனால் துடிப்பை எண்ணுவது வேறு, அழுத்தத்தை அளப்பது வேறு. பட்டையில்லாத கருவிகள் பெரும்பாலும் அழுத்தத்தை நேரே அளப்பதில்லை. நாடியலையின் வடிவைக் கொண்டு ஊகிக்கின்றன. பலவற்றைப் பட்டைக் கருவியோடு ஒப்பிட்டு அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது. அவ்வூகத்தை நம்பி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அபாயம்.

நம்மவர் கருத வேண்டிய விஷயம் இன்னொன்றுண்டு. தோலின் கருநிறப் பொருளும் ஒளியை விழுங்கும். விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் ஒளிக்கருவி, வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் ஏறக்குறைய மும்மடங்கு அதிகமாக வாயுக் குறைவைக் காணத் தவறியதாக 2020-ல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று வெளிப்படுத்தியது. வெள்ளைத் தோலில் சோதித்த அளவுகோல் நமது வெயிலில் உழைக்கும் குடியானவனுக்கு அப்படியே பொருந்துமென்று எவர் உறுதி கூறுவர்?

யந்திரத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊழியர்கள் வீடுதேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கின்றனர். சீமான் மணிக்கட்டில் மின்னும் கடியாரத்தைவிட, ஏழையின் திண்ணையில் வந்து அமரும் அப்பட்டைக் கருவியே பெரிய தேசத் தொண்டு. புதிய கருவிகளும் அத்திண்ணையை எட்டட்டும். ஆனால் முதலில் அவை நம் ஜனங்களின் உடலில் சோதிக்கப்பட வேண்டும். நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யப்பட வேண்டும். இதைச் சர்க்காரிடம் வற்புறுத்துவது தேசபக்தர் ஒவ்வொருவரின் கடமையாகும்.