கறுத்த விரலில் கருவி பொய் சொல்கிறது! நர்சுகளுக்கு வந்த புதுப் பாடம்

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் விரலில் துணி கிளிப் மாதிரி ஒன்றை மாட்டுகிறார்கள். சிவப்பு விளக்கு மினுங்குகிறது. "98" என்று எண் வருகிறது. எழுதிக்கொண்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

அந்த 98 நிஜம்தானா?

இதன் பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று ஊசி குத்தாமலே சொல்லும். இதற்கு வழி கண்டவர் ஜப்பான் என்ஜினீயர் தகுவோ அவோயாகி. ஆண்டு 1974.

அதற்கு முன்பு? உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கிறதா என்று நர்சுகள் பார்ப்பார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை சரி. எகிறினால் டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தப்பியதைக் கருவி பிடித்தது உண்மை. கொரோனாவில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கே பிராணவாயு இறங்கியதைக் காட்டிக் கொடுத்தது இதுதான்.

திடுக்கிடும் கணக்கு

ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேராகச் சோதித்த கணக்கு அது. உண்மையில் 88-க்கும் கீழே கிடந்தது, வெள்ளையருக்கு நூற்றில் சுமார் 4 தடவை. கறுப்பருக்கோ சுமார் 12!

கருவி விரலுக்குள் இரண்டு வித வெளிச்சம் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. தோலின் கறுப்பு நிறமி அதைக் குழப்புகிறது. அமெரிக்க அரசின் 2013 வழிகாட்டுதல்படி ஒரு கருவியைச் சோதிக்க 10 பேர் போதும். அதில் 2 பேர் கறுத்த தோல்காரர் என்றால் சரி! நம்ம ஊர் விரல்களை நினைத்துப் பாருங்கள்.

சில்லிட்ட விரலிலும், நகப்பூச்சு போட்ட விரலிலும் எண் தப்பலாம். தீ விபத்து கேஸ்களில் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு விஷவாயுவையும் பிராணவாயு என்றே எண்ணி, 98, 99 என்று காட்டிவிடும்.

எண்ணாமல் எழுதிய எண்

ஆகவே நர்சிங் மாணவிகளுக்குக் கருவி மாட்டத் தெரிந்தால் போதாது. எப்போது அதை நம்பக்கூடாது என்றும் தெரிய வேண்டும். எண் பளிச்சென்று வரும்போது நின்று மூச்சை எண்ண யாருக்குப் பொறுமை? நோயாளிகள் அத்தனை பேருக்கும் 18 அல்லது 20 என்று சார்ட்டில் எழுதிவிட்டுப் போகிற வழக்கம் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் அம்பலமாகியிருக்கிறது.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்களே, கையைச் சூடாக்கி, ஆடாமல் உட்கார்ந்து, எண் நிலைத்த பிறகு பாருங்கள். 97 காட்டினாலும் மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.