கிரேக்க மெய்யியலும் கலைச்சொல்லாக்கமும்

1. தோற்றம்

கிரேக்க மெய்யியலின் தொடக்கத்தைச் சின்ன ஆசியாவின் மேலைக் கரையிலிருந்த மிலீட்டஸ் என்னும் துறைமுக நகரில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் காண்பது மரபு. எல்லாவற்றிற்கும் முதல் நீரே என்று தேலீஸ் கொண்டதாக அரிஸ்டாட்டில் கூறுவார். அனாக்சிமாண்டர் எல்லையற்ற ஒன்றையும், அனாக்சிமினீஸ் காற்றையும் முதலாகக் கொண்டனர். இவ்விடைகள் இன்று ஏற்கத்தக்கன அல்ல. எனினும், இயற்கையை இயற்கையைக் கொண்டே விளக்க முயன்றமையும், முன்னோர் கூற்றை ஆராய்ந்து மாற்றுக் கருத்து உரைத்தமையும் நிலைத்த பயன் உடையன.

2. வழக்குச் சொல்லும் கலைச்சொல்லும்

இச்சிந்தனைக்கு வேண்டிய சொற்களுள் பலவற்றைக் கிரேக்கர் அன்றாட வழக்கிலிருந்தே எடுத்தாண்டனர். 'ஹூலே' என்பது மரக்கட்டையைக் குறித்தது. அரிஸ்டாட்டில் அதனைப் பருப்பொருளுக்கு ஆக்கினார். 'கத்தேகோரியா' குற்றச்சாட்டு என்னும் பொருளது. அவர் நூலில் அது பயனிலை வகையைச் சுட்டிற்று. சொத்து எனப் பொருள்படும் 'ஊசியா' உள்பொருளைக் குறிக்கலாயிற்று.

3. பெயர்ப்பாளர் கண்ட வழிகள்

பிளேட்டோ புதிதாக ஆக்கிய 'பொயொட்டீஸ்' என்னும் சொல்லுக்கு ஈடாகச் சிசரோ 'குவாலிட்டாஸ்' என்னும் இலத்தீன் சொல்லைப் படைத்தார். 'உள்ளது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒரே சொல்லால் பெயர்க்க இயலாமையைச் செனகா குறைபட்டுக் கொண்டார். அரபியர் 'ஹூலே'யை 'ஹயூலா' என ஒலிபெயர்த்தனர். 'ஊசியா'வுக்கு மணியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்த 'ஜவ்ஹர்' என்பதை ஏற்றனர். ஆக்கம், ஒலிபெயர்ப்பு, பொருள் விரிவு என வழிகள் மூன்றாகின்றன.

4. தமிழில் பெயர்த்தல்

செனகாவை வருத்திய இடர் தமிழுக்கு இல்லை; 'உள்ளது' என்னும் வினையாலணையும் பெயர் இயல்பாகவே பொருந்துகிறது. ஆயின் அச்சொல் சைவ சித்தாந்தச் சாயலையும் உடன் கொணரும் என்பதை மறத்தலாகாது. 'பொருள்' என்பது செல்வத்தையும் உள்ளதையும் ஒருங்கே குறித்தலால் 'ஊசியா'வுக்கு மிக நெருங்கியது. ஆனால் 'ஹூலே'யையும் 'பொருள்' என்றே பெயர்ப்பின் இடர் நேரும். மெய்ப்பொருளியல் நூலின் ஏழாம் பகுதியில், 'ஹூலே'தான் 'ஊசியா'வோ என அரிஸ்டாட்டில் வினவி மறுக்கிறார். அவ்வினா தமிழில் 'பொருள்தான் பொருளோ' என்றாகி, வாதமே அழிந்துவிடும்.

எனவே தனிச்சொல்லின் அழகினும் சொற்களிடையே உள்ள வேறுபாட்டைக் காத்தலே பெயர்ப்பாளரின் முதற்கடன். 'உள்பொருள்', 'பருப்பொருள்' என வரையறுத்து, நூல் முழுவதும் பிறழாது ஆளுதல் வேண்டும். கிரேக்கர் விட்டுச்சென்றவற்றுள் முடிவுகளினும் வாதமுறையே சிறந்தது. அது பிழையின்றி வந்து சேர்தல் சொற்தெளிவையே சார்ந்துள்ளது.