வாயிலிற் காத்து நிற்கும் லொறிகள்

தமிழாசிரியராகிய எமக்குப் பண்டகசாலையைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டு என்று வாசகர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. எனினும், எம்மிடம் இலக்கணம் கற்ற மாணாக்கருட் பலர் இன்று களஞ்சியங்களிலும் துறைமுகத்திலும் கடமையாற்றுகின்றனர். எம்மைக் காண வரும்போதெல்லாம் அவர்கள் எடுத்துரைக்கும் குறை ஒன்றே: "ஐயா, லொறிகள் வாயிலிற் காத்துக் கிடக்கின்றன." அக்குறையின் காரணத்தை ஆராய்ந்து நாம் அறிந்தவற்றை இங்கே கூறுகின்றோம்.

காத்திருத்தலால் விளையும் தீங்கு பணநட்டம் மாத்திரமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சரக்கு லொறிச் சாரதி, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள், 11 மணித்தியாலம் வரையே வண்டி செலுத்தலாம் என்பது பொதுவிதி. பண்டகசாலையிற் கழியும் நேரமும் பெரும்பாலும் அந்த 14 மணித்தியாலத்துள் அடங்கிவிடும். இழந்த நேரத்தை ஈடுசெய்ய அவர் தெருவில் விரைய நேர்கின்றது. அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கண்காணிப்புப் பிரிவு 2018ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சராசரித் தரிப்பு நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து வீதம் 6.2 சதவீதம் உயரும் என்று அது மதிப்பிட்டது. ஆகவே, வாயிலில் உண்டாகும் தாமதம் தெருவில் உயிர்ச்சேதமாக முடிதலும் கூடும்.

இனித் தாமதத்தின் காரணத்தை நோக்குவோம். "ஏற்றிறக்கு மேடை ஒரு கணமேனும் வெறுமையாயிருத்தல் ஆகாது" என்பது முகாமையாளர் பலரின் கொள்கை. இக்கொள்கையே வரிசையை நீளச் செய்கின்றது. காத்திருத்தலைக் கணிதத்தால் ஆராயும் முறைக்கு வித்திட்டவர், கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த ஏர்லாங் என்னும் அறிஞர். அவருடைய முதல் ஆய்வு 1909ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் வழிவந்த கணக்கொன்றைக் காண்க. மேடை ஒன்று, ஒரு லொறியை இறக்கச் சராசரியாக 30 நிமிடம், லொறிகள் வரும் நேரமும், இறக்க எடுக்கும் நேரமும் ஒழுங்கின்றி மாறுவன எனக் கொள்வோம். மேடை பாதி நேரம் வேலையிலிருப்பின், சராசரிக் காத்திருப்பு 30 நிமிடம். 80 சதவீதம் வேலையிலிருப்பின், அது 2 மணித்தியாலம். 90 சதவீதமாயின், நாலரை மணித்தியாலம்! வேலை சிறிது பெருக, காத்திருப்புப் பன்மடங்கு பெருகுகின்றது. இதற்கு மூலகாரணம் ஒழுங்கின்மையே.

எனவே, பரிகாரமும் ஒழுங்கிலேயே உளது. முதலாவது, ஒவ்வொரு லொறிக்கும் வரும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தல். காலையில் அனைத்தும் ஒருங்கே வந்து குவியாமல், நாள் முழுவதும் பரவி வரச் செய்தல். இரண்டாவது, பத்திரங்களை வண்டி வருமுன்னரே சரிபார்த்தல். மூன்றாவது, ஏற்றவேண்டிய பொருள்களை ஏற்றும் ஒழுங்கில் மேடையருகே அடுக்கி வைத்தல். நான்காவது, பொதிகளைத் தனித்தனியே சுமவாமற் பலகைத்தட்டுகளில் அடுக்கிப் பாரந்தூக்கி வண்டியால் நகர்த்தல். ஐந்தாவது, வாயிலை அடைந்த நேரம், மேடையை அடைந்த நேரம், வேலை முடிந்த நேரம், வெளியேறிய நேரம் என்னும் நான்கையும் பதிதல். பதிவில்லாத இடத்திற் சாரதி காவலாளியையும், காவலாளி எழுதுவினைஞரையும் குறை கூறுவதன்றி வேறொன்றும் நிகழாது.

முற்றத்தை அகலமாக்கினாற் குறை தீரும் என்பாரும் உளர். மணித்தியாலத்துக்கு 6 லொறிகள் வந்து, ஒவ்வொன்றும் 2 மணித்தியாலம் தங்கினால், முற்றத்தில் எந்நேரமும் சராசரியாக 12 லொறிகள் நிற்கும். தங்கும் நேரத்தை ஒரு மணித்தியாலமாக்கினால் 6 மாத்திரமே நிற்கும். 1961ஆம் ஆண்டில் ஜோன் லிற்றில் என்பவர் நிறுவிய விதி இது. நிலம் வாங்காமலே முற்றம் இருமடங்காகின்றது.

காத்திருந்த கசப்பு பெருஞ் சிந்தனைக்கும் வித்தாகலாம். 1937ஆம் ஆண்டிற் பஞ்சுப் பொதிகளோடு துறைமுகத்தில் நெடுநேரம் காத்திருந்ததை மால்கம் மக்லீன் என்னும் லொறிக்காரர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு 58 கொள்கலங்களைக் கப்பலில் அனுப்பியவர் அவரே. பொருளைத் தொடாது பெட்டியையே மாற்றும் அம்முறை இன்று பண்டகசாலைகளுக்கும் உதவுகின்றது. நிரம்பிய பெட்டியை விட்டு, வேறொரு பெட்டியை இழுத்துச் செல்லும் சாரதி, இறக்கி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மாத்திரம் எச்சரித்து அமைவோம். விரைவு வேறு; அவசரம் வேறு. சில்லுகளுக்குத் தடைக்கட்டை வையாமல் ஏற்றத் தொடங்குவது அவசரம். கட்டையை உரிய இடத்தில் ஆயத்தமாக வைத்திருப்பது விரைவு. களஞ்சியங்களுக்குப் பொறுப்பாயுள்ள எம் மாணாக்கர், நாளைக் காலை வாயிலிற் சென்று ஒரு லொறியின் நேரத்தைக் குறித்துப் பார்ப்பார்களாக. சாரதியின் காலமும் தம் காலத்தைப் போன்றதே என்னும் உணர்வு அப்போதே பிறக்கும்.