மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் பிழைப்பே மெயிலில்தான் ஓடுகிறது. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்க பையருக்கு மே 6. ஷிப்மென்ட் தேதி இப்படிக் குழம்பினால், கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போகும். லாபம் அதிலேயே கரைந்துவிடும். மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்த வம்பே இல்லை.

'சாம்பிளைச் சீக்கிரம் அனுப்புங்கள்' என்றாலும் போதாது. 'நேவி ப்ளூ, 180 ஜிஎஸ்எம், எம் சைஸ், இரண்டு பீஸ், வெள்ளி மாலை 4 மணிக்குள்' என்றால் சாம்பிள் செக்‌ஷனில் யாருக்கும் சந்தேகம் வராது. தலைப்பில் ஆர்டர் எண். ஒரு மெயிலுக்கு ஒரே விஷயம். போனில் முடிவானதை அன்றே மெயிலில் உறுதிசெய்துவிட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தயங்கவே வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். அளவும் தேதியும் சரியாக இருக்கட்டும்.