இருப்புப்பாதையருகே ஓர் இல்லம்

எம் இல்லத்திற்கு முதன்முறை வரும் விருந்தினர் யாவரும் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "இவ்வளவு இரைச்சலில் எவ்வாறு உறங்குகின்றீர்கள்?" குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, இருப்புப்பாதையினின்று நாற்பதடி தள்ளி நிற்கின்றது எம் வீடு. வண்டி வருங்கால் பேச்சை நிறுத்துவதும், அது சென்றபின் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவதும் எமக்கு இயல்பாகிவிட்டன. அவ்வினாவுக்கு யாம் கண்ட விடையையும், அவ்விடையுள் மறைந்து கிடக்கும் ஓர் அபாயத்தையும் நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்தினின்று புறப்பட்டது. எம் வீட்டை ஒட்டிய கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931இல் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அந்நாளில் மீட்டர் பாதையாயிருந்த அது, 2004இல் முற்றிலும் அகலப்பாதையாயிற்று. எம் பாட்டியார் இம்மாறுதல்களைக் காதாலேயே அறிந்தவர். "முன்பெல்லாம் வண்டி தாளம் போட்டுக்கொண்டு போகும், இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது" என்பார்.

அவர் கூற்றுக்குக் காரணம் உண்டு. முன்னாளில் ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளங்களை இணைப்புத் தகடுகளால் பூட்டி, இடையே சிறு இடைவெளி விடுவர். இரும்பு வெயிலில் நீளும் தன்மையது. வெப்பம் 30 பாகை ஏறின், அத்தண்டவாளம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். அவ்விடைவெளியைச் சக்கரங்கள் தாண்டுந்தோறும் எழுந்ததே அத்தாளம். இக்காலத்தில் தண்டவாளங்களை நெடுந்தூரம் பற்றவைத்து, குறுக்குக் கட்டைகளோடு இறுகப் பிணித்து, சரளைக்கல்லால் அசையாது அடக்கிவிடுகின்றனர். ஆகவே தாளம் அருகிற்று. எனினும் சக்கரமும் தண்டவாளமும் உரசும் அதிர்வு நிலத்தின் வழியே வந்து எம் அடுக்களைப் பாத்திரங்களைச் சிணுங்கச் செய்வது நின்றபாடில்லை.

ஊதல் ஒலியும் ஒரு பாடம் புகட்டும். வண்டி நெருங்குகையில் அதன் சுருதி உயர்ந்தும், எம்மைக் கடந்தவுடன் தாழ்ந்தும் கேட்கும். இதனை 1842இல் டாப்ளர் என்னும் அறிஞர் விளக்கினார். 1845இல் ஹாலந்து நாட்டில் ஓடும் வண்டியில் இசைக்கலைஞரை ஏற்றி ஊதச் செய்து அது மெய்ப்பிக்கப்பட்டது.

இனி உறக்கத்திற்கு வருவோம். உறங்குகையில் செவி மூடிக்கொள்வதில்லை. மூளை ஒவ்வோர் ஒலியின் பொருளையும் ஆராய்கின்றது. தீங்கு விளைக்காது நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும் ஒலியை அது புறக்கணிக்கப் பழகுகின்றது. விரைவு வண்டியின் முழக்கத்தில் விழியாத தாய், குழந்தையின் சிணுக்கத்தில் விழிப்பது இதனாலேயே. ஆயினும் மனம் பழகிய அளவுக்கு உடல் பழகுவதில்லை. விழிக்காதபோதும் நெஞ்சத்துடிப்பு சற்றே விரைகின்றது. ஐரோப்பிய நாடுகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்த நெறிகள், இரவில் இருப்புப்பாதை ஒலி 44 டெசிபலுக்குக் குறைந்திருத்தல் நலம் என்கின்றன.

இப்பழக்கமே அபாயமுமாகும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலையில், எம் தெருவிற் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர், தாம்பரம் நோக்கிய வண்டி சென்றதும் பாதையைக் கடந்தார். சென்ற வண்டியின் இரைச்சலில், எதிர்த்திசை வண்டியின் ஒலி அமிழ்ந்துபோயிற்று. அவர் வீடு திரும்பவில்லை. அன்றிரவு ஒவ்வொரு வண்டியும் எம்மை எழுப்பிற்று.

அவர் அறிவிலியல்லர், அவ்வொலியைக் கேளாதிருக்கப் பழகியவர். எம்மைப்போன்றவரே. அன்றியும், பெரும்பொருள் தொலைவில் வருங்கால் அதன் வேகம் கண்ணுக்குக் குறைவாகவே தோன்றும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். இரும்பின்மேல் இரும்பு ஓடுதலின் உராய்வு குறைவு. ஓட்டுநர் கண்டவுடன் தடையிட்டாலும் வண்டி பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். அனுமதியின்றிப் பாதையுட் புகுவோர்க்கு 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ஆறு திங்கள் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது. அச்சட்டத்தை அறியாதாரும் அம்மாலையை அறிந்தால் போதும்.

எம் வீட்டினின்று நடைபாலம் பத்து நிமிட வழி. முன்பு அதனை வீண் சுற்று என்றெண்ணியிருந்தோம். இப்போது எம் இளையோர் நாள்தோறும் அதன் வழியே செல்கின்றனர்; பாட்டியார் வாயிற்படியில் அமர்ந்து, அவர்கள் படியிறங்குவதைக் கண்டபின்னரே உள்ளே எழுந்து வருகின்றார். வகுப்பு மணிக்கு அஞ்சிப் பாதையில் இறங்க நினைக்கும் மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு வாயிலிலும் ஒருவர் காத்திருப்பார் என்பதை மறவாதீர்கள்.